ஒரே பானையில் எல்லோருக்கும் இரவுச் சாப்பாடு

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. இரண்டு மாதம் முன்பு ரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் எடுத்து, சீலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைச் சேதப்படுத்தும் நோய்) என்று உறுதி செய்தார்கள். அன்று முதல் தினமும் இரவில் இரண்டு சமையல். அவளுக்குக் குளூட்டன் இல்லாத பாக்கெட் ரொட்டி, பாஸ்தா. மற்ற நான்கு பேருக்கு வழக்கமான சாப்பாடு. வேலை முடிந்து ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறேன், தாங்கவில்லை. மாமியாருக்குச் சர்க்கரை நோய், மாத்திரையில் இருக்கிறார். ஏழு வயது மகனுக்கும் அடிக்கடி வயிறு உப்புகிறது. பேசாமல் வீட்டில் எல்லோருக்கும் கோதுமையை நிறுத்திவிடலாமா? மீன், முட்டை, இறைச்சி எல்லாம் சாப்பிடுவோம். ஒரு வாரத்துக்கு இரவுச் சாப்பாட்டை எப்படித் திட்டமிடுவது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒரு அவசர வார்த்தை. மகனுக்குக் கோதுமையை இப்போது நிறுத்தாதீர்கள். காரணத்தைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். அதுவரை அவன் காலையிலும் மதியமும் சாப்பிடுவது அப்படியே இருக்கட்டும்.

உங்கள் களைப்புக்குக் காரணம் மகளின் நோய் அல்ல, திட்டம் தொடங்கும் இடம். வழக்கமான கோதுமைச் சாப்பாட்டை முதலில் நினைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக மகளுக்கு என்ன வாங்குவது என்று தேடுகிறீர்கள். அதனால்தான் இரண்டு சமையல் ஆகிறது. அரிசி, பருப்பு, பயறு, கிழங்கு, காய்கறி, கீரை, முட்டை, மீன், இறைச்சி, பால், தயிர் எதிலும் இயல்பாகவே குளூட்டன் கிடையாது. அது இருப்பது கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களிலும் அவற்றின் உறவுகளிலும்தான். ஆகவே இரவுச் சாப்பாடு முழுவதையும் முதல் பட்டியலிலிருந்தே சமையுங்கள். யாருக்காவது கோதுமை ரொட்டி வேண்டுமென்றால், அது கடைசியில் தனித் தட்டில் வரும் ஒரு துணைப் பண்டமாக இருக்கட்டும். குழம்பு ஒன்று, காய் ஒன்று, ஐந்து பேருக்கும் அதே சாப்பாடு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை மற்றவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு தன் பாக்கெட்டைப் பிரிப்பது அவளுக்கு எவ்வளவு கனமாக இருக்கும் என்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

பாக்கெட் உணவைக் குறைக்கச் சொல்ல வேறு காரணமும் உண்டு. குளூட்டன் இல்லாத ரொட்டி, பிஸ்கட், பாஸ்தா பலவற்றில் வெள்ளை அரிசி மாவும் மரவள்ளி, உருளை, மக்காச்சோள ஸ்டார்ச்சும்தான் பெரும்பகுதி. நார்ச்சத்தும் புரதமும் குறைவு. பதம் வருவதற்காகக் கொழுப்பையும் சர்க்கரையையும் கூட்டியிருப்பார்கள். பல நாடுகளில் கோதுமை மாவில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்க்கிறார்கள், இந்த மாவுகளில் பெரும்பாலும் அது இருக்காது. நோய் இப்போதுதான் தெரிய வந்த பிள்ளையின் குடல் உறிஞ்சிகள் தேய்ந்திருக்கும். இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, ஃபோலேட் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அவளுக்கு வயிறு நிரம்பினால் போதாது, சத்தும் சேர வேண்டும். உங்கள் மாமியாருக்கும் இந்தப் பாக்கெட்டுகள் உதவாது. குளூட்டன் இல்லை என்றால் சர்க்கரை ஏறாது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டார்ச்சில் செய்த ரொட்டி ரத்தச் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும்.

தட்டை இப்படிப் பிரியுங்கள்: பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு அல்லது மீன், முட்டை, இறைச்சி, மீதிக் கால் பங்கு தானியம் அல்லது கிழங்கு. ஐந்து பேருக்கு ஒரு இரவுக்கு இது எவ்வளவு என்று அளந்தால் காய்கறி 800 கிராம் முதல் 1 கிலோ வரை. பருப்பு அல்லது பயறு உலர்ந்த நிலையில் 200 முதல் 225 கிராம். இறைச்சி அல்லது மீன் என்றால் எலும்பு, முள் நீக்கி 500 கிராம். அரிசி அல்லது சிறுதானியம் 300 கிராம். திட்டம் தவறுவது பெரும்பாலும் காய்கறியில்தான். வாரத்துக்கு ஆறு, ஏழு கிலோ வாங்க வேண்டிய இடத்தில் இரண்டு கிலோ வாங்கிவிட்டு, புதன்கிழமை இரவு வெங்காயமும் உருளையும் மட்டும் கையில் இருக்கும். உப்பு பெரியவர்களுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஆகவே ஐந்து பேரின் இரவுச் சாப்பாடு முழுவதற்கும் தட்டையாக ஒன்றரைத் தேக்கரண்டிக்கு மேல் போகக் கூடாது. ஊறுகாய், அப்பளம், சாஸ் இருந்தால் அந்த உப்பும் இந்தக் கணக்கில்தான் வரும்.

ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு வார நாட்களில் 40 நிமிடத்துக்கு மேல் அடுப்படி வேலை இருந்தால் திட்டம் மூன்றாம் நாளே உடைந்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். சனி இரவே 500 கிராம் கொண்டைக்கடலையை மூன்று மடங்கு தண்ணீரில் ஊறவையுங்கள். மறுநாள் குக்கரில் வேகவைத்தால் ஏறக்குறைய 1.1 கிலோ கிடைக்கும். பாதியை ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மீதியைத் தட்டையான பைகளில் ஃபிரீசரில் வையுங்கள். கடலை வேகும்போதே பக்கத்து அடுப்பில் 1 கிலோ வெங்காயம், 1.5 கிலோ தக்காளி, இஞ்சி, பூண்டு, 100 மில்லி எண்ணெய் சேர்த்து வதக்குங்கள். வெங்காயம் நன்றாக நிறம் மாறிய பிறகே தக்காளியைப் போட வேண்டும். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் வெங்காயம் குழையாமல் நறநறவென்று நின்றுவிடும். 40 நிமிடத்தில் எண்ணெய் பிரிந்து கெட்டியாக வரும். ஆறியதும் நான்கு பங்காகப் பிரித்து வைத்தால் நான்கு இரவுக் குழம்புக்கு அடித்தளம் தயார். காய்களைக் கழுவி, நன்றாக ஈரம் துடைத்து நறுக்கி வைக்கலாம். கீரையை மட்டும் சமைக்கும் அன்றே நறுக்குங்கள்.

இனி வாரம். திங்கள் எளிய நாள்: சோறு, பருப்பு, கீரை, ஒரு பொரியல். பருப்பைத் தட்டில் பரப்பிப் பார்த்துக் கழுவுவதை விட்டுவிடாதீர்கள். வயலிலோ மூட்டையிலோ கலந்த கோதுமை, பார்லி மணிகள் பருப்பில் கிடப்பது சகஜம். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள்; பருப்பு, கீரையிலுள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி துணை செய்யும். சாப்பாட்டை ஒட்டித் தேநீரோ காப்பியோ குடித்தால் அந்த இரும்பின் பெரும்பகுதி உடலில் சேராமலே போகும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

செவ்வாய்க்கு வேகவைத்த கடலையில் பாதியும் தக்காளி அடித்தளத்தில் ஒரு பங்கும் சேர்ந்தால் 20 நிமிடத்தில் குழம்பு. கெட்டியாக மாவு கரைத்து ஊற்றும் பழக்கம் இருந்தால் அதுதான் கவனிக்க வேண்டிய இடம். மைதாவுக்குப் பதில் ஒரு கைப்பிடி வெந்த கடலையையே மசித்துப் போடுங்கள், சுவையும் கூடும். கார்ன்ஃப்ளோர் என்றால் 250 மில்லி குழம்புக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். குளிர்ந்த நீரில் கரைத்துக் கடைசியில் ஊற்றி, ஒரு நிமிடம் கொதிக்க விட்டு இறக்கிவிட வேண்டும். நெடுநேரம் கொதித்தாலோ, எலுமிச்சையை முன்பே பிழிந்தாலோ மறுபடி நீர்த்துப்போகும். கடலைக்குப் பதில் ராஜ்மா செய்யும் வாரத்தில் இன்னொரு எச்சரிக்கை. இரவு முழுதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதித்தால்தான் அதிலுள்ள நச்சுப் புரதம் அழியும். மிதமான சூட்டில் மணிக்கணக்காக வேகவைப்பது அதற்கு ஈடாகாது.

புதன் இரவு முட்டை. எட்டு முட்டையோடு குடைமிளகாய், கோஸ், கேரட் என்று 700 கிராம் காய். கூடவே அரிசி நூடுல்ஸ் 300 கிராம். அரிசி நூடுல்ஸைப் பொட்டலத்தில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே இறக்கி, குளிர்ந்த நீரில் அலசி, உடனே எண்ணெய் தடவுங்கள். கோதுமை நூடுல்ஸைப் பிடித்து வைக்கும் குளூட்டன் இதில் இல்லாததால் ஒரு நிமிடம் கூடினாலே குழைந்து கட்டியாகிவிடும். ஆறினால் விறைக்கும், அதனால் மறுநாளுக்கு மிச்சம் வைக்க உகந்ததல்ல. சோயா சாஸ் ஊற்றுவதாக இருந்தால் லேபிளைப் பாருங்கள். பெரும்பாலான சோயா சாஸ் கோதுமை சேர்த்து நொதிக்க வைத்தது.

வியாழனுக்கு ஓவன் தட்டு. உருளைக்கிழங்கு 1 கிலோ (அன்றைக்கு இதுதான் தானியத்தின் இடம்), கேரட், காலிஃபிளவர், பீன்ஸ் சேர்ந்து 800 கிராம், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. 200 டிகிரியில் 25 நிமிடம் வெந்த பிறகு 500 கிராம் மீன் துண்டுகளை மேலே வைத்து இன்னும் 12 முதல் 15 நிமிடம். காய்களை இரண்டு தட்டுகளில் இடைவெளி விட்டுப் பரப்புங்கள், குவித்தால் சிவக்காமல் ஆவியில் வெந்து சொதசொதவென்று ஆகும். மீனுக்கு மொறுமொறுப்பு வேண்டுமென்றால் ரொட்டித் தூளுக்குப் பதில் கடலைமாவும் அரிசி மாவும் சமமாகக் கலந்து புரட்டுங்கள். ஓவன் இல்லையென்றால் மூடிய கனமான வாணலியில் இதே வரிசையில் செய்யலாம்.

வெள்ளிக்கிழமை ரொட்டி நாள். மகள் ரொட்டிக்கு ஏங்குவாள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சோள மாவு (கார்ன்ஃப்ளோர் அல்ல), கம்பு மாவு எதுவானாலும் 350 கிராம், இசப்கோல் உமி 15 கிராம், உப்பு, நன்றாகக் கொதிக்கும் நீர் 375 மில்லி அளவில். முதலில் மாவையும் உமியையும் உலர்வாகக் கலந்து, கொதிநீரை ஊற்றிக் கரண்டியால் கிளறி, மூடி 20 நிமிடம் விட்டு, கை பொறுக்கும் சூட்டில் அழுத்திப் பிசையுங்கள். மாவைப் பொறுத்து ஒன்றிரண்டு கரண்டி நீர் கூடவோ குறையவோ வேண்டியிருக்கும். சுற்றில் விரிசல் விட்டால் பெரும்பாலும் நீர் கொதித்திருக்காது. மாவிலுள்ள ஸ்டார்ச் சூட்டில் பாதி வெந்து பசையானால்தான் குளூட்டன் செய்த வேலையை ஓரளவு அது செய்யும். பத்து உருண்டைகளாக்கி, இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு இடையில் வைத்து 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, நன்கு காய்ந்த கல்லில் சுட்டு, துணியில் பொதிந்து வையுங்கள். உடன் ஃபிரீசர் கடலையும் ஒரு பச்சைக் காயும். கல்லும் பலகையும் இந்த மாவுக்கென்றே தனியாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

சனிக்கிழமை மீந்த காய்கள், ஒரு பங்கு தக்காளி அடித்தளம், பருப்பு எல்லாம் சேர்ந்து கெட்டி சூப்பாகட்டும். கூடவே மீன், வாரத்துக்கு இரண்டு முறை மீன் என்ற கணக்கு அதில் நிறைவேறும். ஞாயிறு கோழியோ, உங்கள் வீட்டார் ஆசைப்படுவதோ. அதற்கு நான் திட்டம் தரப்போவதில்லை. ஒன்று மட்டும்: அரிசியையே வாரம் முழுதும் நம்ப வேண்டாம். அரிசி மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் ஆர்செனிக்கை மற்ற தானியங்களைவிடக் கூடுதலாக உறிஞ்சும். கோதுமையை விட்டவர்கள் மூன்று வேளையும் அரிசிக்கே போய்விடுவதுண்டு. தினை, கம்பு, சோளம், மக்காச்சோளம், கினோவா, பக்வீட், கிழங்குகள் என்று மாற்றிக்கொண்டே இருங்கள். பக்வீட்டின் பெயரில்தான் கோதுமை இருக்கிறது, இரண்டும் உறவே இல்லை. சோற்றை நிறைய நீரில் வேகவைத்துக் கஞ்சி வடிப்பதும் ஆர்செனிக்கைக் குறைக்கும். மீந்த சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் ஒரே ஒரு முறை ஆவி பறக்கச் சூடாக்கித் தீர்த்துவிடுங்கள். வெளியே கிடந்த சோற்றில் சில கிருமிகள் பெருகி விடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

மாமியாருக்குத் தனிச் சமையல் தேவையில்லை, அளவு மட்டும் மாறும். தானியத்தில் சற்றுக் குறைத்து, பருப்பிலும் காயிலும் அதைக் கூட்டுங்கள். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வரச் சொல்லுங்கள், சர்க்கரை மெதுவாக ஏறும். ஆனால் சில மாத்திரைகளில் இருக்கும்போது தானியத்தைச் சட்டென்று குறைத்தால் இரவில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். அளவை மாற்றும் முன் அவருடைய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது அடுப்படி. குளூட்டன் ஒரு புரதம், கிருமி அல்ல. கொதிக்க வைத்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் அப்படியே இருக்கும். தினம் 50 மில்லிகிராம் உள்ளே போனாலே சில மாதங்களில் குடல் மறுபடி சேதப்படும். ஒரு துண்டு கோதுமை ரொட்டியில் இருப்பது 2 கிராமுக்கும் மேல். அதாவது அந்த 50 மில்லிகிராம், ஒரு துண்டை நாற்பது, ஐம்பது பங்கு வைத்தால் ஒரு பங்கு அளவுதான். வயிறு வலிக்கவில்லை என்பதால் உள்ளே போகவில்லை என்று சொல்ல முடியாது, பலருக்கு எந்த அறிகுறியும் வராது.

அதற்காக வீட்டையே பூட்டிவைக்க வேண்டியதில்லை. எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் பாத்திரங்களைச் சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். மரக்கரண்டி, மரப்பலகை, சப்பாத்திக் கட்டை, கீறல் விழுந்த நான்ஸ்டிக், வடிதட்டு, சல்லடை, டோஸ்டர், இவற்றின் இடுக்கில் மாவு தங்கும். மகளுக்கென்று வேறு வாங்கி, நிறம் வைத்து அடையாளம் செய்யுங்கள். கோதுமைப் பண்டம் பொரித்த எண்ணெயில் அவளுக்கு எதையும் பொரிக்கக் கூடாது. கோதுமை மாவைச் சலிப்பது, பிசைவது எல்லாம் அவளுடைய உணவை மூடி வைத்த பிறகு. பறக்கும் மாவு வெகுநேரம் கழித்துத்தான் படியும். வெண்ணெய், ஜாம் பாட்டிலில் ரொட்டித் துகளோடு கத்தி இறங்கும் வழக்கமே பல வீடுகளில் தவறு நடக்கும் இடம். அவளுக்கென்று தனி பாட்டில் வையுங்கள்.

கடையில் வாங்கும்போது, மைதா, ரவை என்று எந்தப் பெயரில் வந்தாலும் அது கோதுமைதான் என்பது உங்களுக்குத் தெரியும். சேமியா, கூஸ்கூஸ், புல்கர், ஸ்பெல்ட் எல்லாம் அதே குடும்பம். தெரியாமல் நுழைவது வேறு சில: பார்லியிலிருந்து வரும் மால்ட், சூப் கட்டி, சாசேஜ், கலந்து விற்கும் மசாலாக்கள், பெருங்காயத் தூள். கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு சேர்த்திருப்பார்கள். சிறுதானிய மாவு தானாகக் குளூட்டன் அற்றதுதான், ஆனால் அதே இயந்திரத்தில் முந்தைய ஈடு கோதுமையாக இருந்திருந்தால் கலந்துவிடும். அதனால் தானியமாக வாங்கி வீட்டு மிக்சியில் அரையுங்கள், இல்லையெனில் குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட மாவை வாங்குங்கள். சர்வதேச வரையறையில் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இல்லை என்பது. கோதுமை இல்லை என்று மட்டும் போட்டிருந்தால் அது போதாது, உள்ளே பார்லி இருக்கலாம். ஓட்ஸை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சாதாரண ஓட்ஸில் கோதுமை கலந்திருக்கும். சுத்தமான ஓட்ஸையும் ஏற்காத சிலர் உண்டு. மகளின் ரத்தத்தில் நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் அளவு இறங்கிய பிறகு மருத்துவரோடு பேசித் தொடங்கலாம். பால் குடித்தால் வயிறு பொருமினால், அது பெரும்பாலும் குடல் ஆறும் வரைதான். தயிர் கொடுத்துப் பாருங்கள், பாலை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம், அவளுடைய எலும்பு வளரும் வயது இது.

மகனுக்கு வருகிறேன். சீலியாக் நோய் உள்ளவரின் உடன்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் அது இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. பொதுவில் நூற்றில் ஒன்றுதான். வயிறு உப்புசம் வேறு இருப்பதால் அவனுக்குப் பரிசோதனை அவசியம். முதலில் எடுப்பது டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்பொருள் என்ற ரத்தப் பரிசோதனை. கூடவே மொத்த ஐஜிஏ (ரத்தத்திலுள்ள ஒரு வகை எதிர்ப்பொருள்) அளவையும் பார்ப்பார்கள். உடல் டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்பொருளைச் செய்வது குளூட்டன் உள்ளே போகும்போதுதான். நிறுத்திவிட்டால் அளவு இறங்கி, நோய் இருந்தும் இல்லையென்று வரும். பிறகு உறுதி செய்ய, அவதிப்பட்டு நின்ற பிள்ளைக்கு மறுபடி வாரக்கணக்கில் கோதுமை கொடுக்க வேண்டியிருக்கும். பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில் குளூட்டன் சாப்பிட்டிருக்க வேண்டும். இரவுச் சாப்பாடு எல்லோருக்கும் குளூட்டன் இல்லாமல் ஆகப்போவதால் காலையிலும் பள்ளி மதிய உணவிலும் அவனுக்குக் கோதுமை இருப்பதை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள். நீங்களும் உங்கள் கணவரும் அவனோடு சேர்ந்தே ரத்தம் கொடுத்துவிடுங்கள். அதுவரை உங்கள் இருவருக்கும் இதே விதிதான்.